எக்ஸ்பிடைட் ஓட்டத்துக்கே திரும்பிப் போகலாமா? சொந்த வண்டி வாங்கலாமா?

ஒஹாயோக்காரன் கேட்டது:

வணக்கம் மக்களே. ட்ரக் தொழிலில் இருக்கிறவர்களும் விட்டுவிட்டு வந்தவர்களும் கொஞ்சம் பதில் சொல்லுங்கள். வீட்டில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை.

2018 வாக்கில் சொந்த ஸ்ட்ரெய்ட் ட்ரக் (ட்ரெய்லர் இல்லாமல் பெட்டியும் எஞ்சினும் ஒரே வண்டியாக இருப்பது) வாங்கி ஒரு எக்ஸ்பிடைட் கேரியரிடம், அதாவது சரக்குக் கம்பெனியிடம், லீஸுக்கு விட்டு நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். 26,000 பவுண்டு வண்டி, 22 அடி பாக்ஸ், லிஃப்ட் கேட் (சரக்கை ஏற்றி இறக்கும் பின்பலகை), படுத்துத் தூங்கச் சின்ன ஸ்லீப்பர். வீடு கொலம்பஸ் பக்கம் என்பதால் பெரும்பாலும் கார் தொழிற்சாலைகளுக்குப் போகும் உதிரிபாகம்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எக்ஸ்பிடைட் என்றால் அவசரச் சரக்கு. அசெம்பிளி லைன் நின்றுவிடும் என்கிற நிலைமையில் ஒரே ஒரு பேலட்டுக்காக முழு வண்டியை அனுப்புவார்கள். வழியில் வேறு சரக்கு ஏற்றக்கூடாது, ஏற்றிய இடத்திலிருந்து நேரே இறக்கும் இடம்தான்.

2021-ல் சிப் தட்டுப்பாடு, துறைமுக நெரிசல் எல்லாம் சேர்ந்து சரக்கு வாடகை எங்கேயோ போனது. அப்புறம் 2022 பாதியில் வாடகை இறங்க ஆரம்பித்தது, அதே ஜூனில் டீசல் தேசிய சராசரி கேலன் 5.80 டாலரைத் தொட்டது. அந்த வருடக் கடைசியில் வண்டியை விற்றுவிட்டு ஒரு கிடங்கில் ஷிப்பிங் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். சம்பளம் நிச்சயம், குடும்பத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, சனி ஞாயிறு வீட்டில் இருக்கிறேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் டாக்கில், சரக்கு ஏற்றும் மேடையில், நின்று அடுத்தவன் வண்டிக்கு பில் கையெழுத்து போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது.

இப்போது பழைய கேரியரிலிருந்து ரெக்ரூட்டர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். தெரிந்தவர் ஒருவர் 2019 மாடல் ஸ்லீப்பர் வைத்த ஸ்ட்ரெய்ட் ட்ரக் ஒன்றை விற்கிறார். நாலு லட்சம் மைலுக்கு மேல் ஓடியது, விலை அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே கேட்கிறார். பாதி கையில் இருக்கிறது, மீதி கடன். பையன் பதினொன்றாம் வகுப்பு. மனைவி பகுதிநேர வேலை பார்க்கிறாள், பையன் கல்லூரிக்குப் போனபிறகு வேண்டுமானால் லைசென்ஸ் எடுத்து டீமாக வருகிறேன் என்கிறாள், அதை நம்பி இப்போது எதுவும் செய்யமுடியாது.

போகலாமா, வேண்டாமா? போனால் தனியாகவா, சொந்த வண்டியிலா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ராத்திரிச்சவாரி:

நண்பரே, நானும் என் மனைவியும் இப்போதும் இதே தொழிலில் டீமாக ஓடிக்கொண்டிருக்கிறோம், அதனால் வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். போகலாம். ஆனால் அந்த வண்டியை வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

ரெக்ரூட்டர் உங்களிடம் மைலுக்கு இவ்வளவு என்று ஒரு எண் சொல்லியிருப்பார். அது சரக்கு ஏறிய மைலுக்கு மட்டும். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மூன்று வருடம் கிடங்கில் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு மறந்து வாடகை மட்டும் ஞாபகத்தில் நிற்கும். உதாரணத்துக்கு ஒரு லோடு, 420 மைல், மைலுக்கு 1.90 என்று வையுங்கள். 798 டாலர். ஏற்றப் போக 110 மைல் காலி ஓட்டம். இறக்கிய ஊரில் சரக்கே கிடையாது, அடுத்த லோடு கிடைக்கிற பகுதிக்கு வர இன்னொரு 140 மைல். மொத்தம் 670 மைல் ஓடியிருக்கிறீர்கள், மைலுக்கு 1.19 தான் விழுந்தது. கேலனுக்கு 9 மைல், டீசல் 3.75 என்றால் 280 டாலர் அதிலேயே போய்விடும். கையில் 520. இது ஒரு நாள் வேலை என்றால் பரவாயில்லை, இரண்டாம் நாளும் ட்ரக் ஸ்டாப்பில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள் என்றால் அந்த 520-ஐ இரண்டால் வகுக்கவேண்டும், அதற்குள்ளேயே டயர், இன்ஷூரன்ஸ், வண்டித் தவணை, சாப்பாடு எல்லாம். இந்தத் தொழிலில் காத்திருப்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. டிடென்ஷன், லேஓவர் என்று காத்திருப்புப் படி காகிதத்தில் இருக்கும், கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தூக்கம். இதை யாருமே விலாவாரியாகச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி பத்து மணி நேரம் ஓய்வு எடுத்தால் பதினாலு மணி நேர ஜன்னல் திறக்கும், அதில் பதினொரு மணி நேரம் ஓட்டலாம். நீங்கள் காலை ஏழு மணிக்கு எழுந்திருக்கிறீர்கள். லோடு வரவில்லை. மதியம் வரவில்லை. துணி துவைத்தாயிற்று, வீட்டுக்குப் போன் பேசியாயிற்று. இரவு ஒன்பதரைக்கு போன் சத்தம் போடுகிறது: பதினொன்றரைக்கு ஏற்று, காலை ஏழுக்குள் கென்டக்கியில் இறக்கவேண்டும். ஓட்டும் நேரத்தைப் பதிவுசெய்யும் இஎல்டி கருவியின் திரையைப் பார்த்தால் உங்களுக்கு முழுப் பதினொரு மணி நேரமும் பச்சையாக இருக்கிறது, ஏனென்றால் பகல் முழுக்க ஓய்வில்தான் இருந்தீர்கள். உடம்புக்கு மட்டும் அது பதினைந்தாவது மணி நேரம். வேண்டாம் என்று மறுக்கலாம், ஒப்பந்தத்தில் அந்த உரிமை உண்டு. ஆனால் இரண்டு நாள் சும்மா கிடந்தவன் மறுப்பானா? 44, 45 வயதில் இதைச் செய்வது வேறு, ஐம்பதை நெருங்கும்போது வேறு.

டீமில் இந்தத் தொல்லை பாதி குறையும். ஒருவர் தூங்க ஒருவர் ஓட்டலாம், 700 மைல் 1,200 மைல் லோடெல்லாம் டீமுக்குத்தான் வரும், நல்ல வாடகையும் அங்கேதான். தனி ஆள் ஸ்ட்ரெய்ட் ட்ரக் என்பது இரண்டுங்கெட்டான். நீண்ட தூரத்துக்கு டீம் போட்டி, குறைந்த தூரத்துக்கு வேன் போட்டி. உங்கள் மனைவி வருகிற காலம் வரைக்கும் வேறு யாருடைய வண்டியிலாவது ஓட்டிப் பாருங்கள். வண்டி முதலாளிகள் ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பொதுவாக ஓட்டுபவருக்கு அறுபது, முதலாளிக்கு நாற்பது, டீசல் ஓட்டுபவர் கணக்கு. ரிப்பேர் அவர் தலைவலி.

ஸ்பிரிண்டர்_தம்பி:

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் வேனைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டார். ஸ்ட்ரெய்ட் ட்ரக்குக்கு அறுபதாயிரம் போடுவதற்கு அதில் பாதிக்கும் குறைவாக ஒரு பழைய கார்கோ வேன் வாங்கலாம். 10,001 பவுண்டுக்குக் கீழே என்பதால், அபாயச் சரக்குப் பலகை மாட்டாதவரைக்கும், ஓட்டும் நேரக் கட்டுப்பாடும் கிடையாது, இஎல்டியும் கிடையாது. வெயிட் ஸ்டேஷன் தொல்லை குறைவு. கேலனுக்கு 16, 17 மைல் வரும். டயர் விலை, ஆயில் விலை எல்லாம் கார் மாதிரி. கடன் இல்லாமல் ஆரம்பிக்கலாமே.

ராத்திரிச்சவாரி:

தம்பி, கட்டுப்பாடு இல்லை என்பதுதான் அதில் உள்ள பிரச்சினையே. 2021-ல் வேலை போனவன், வேலை பிடிக்காதவன் எல்லோரும் வேன் வாங்கினான், ஏனென்றால் சிடிஎல் என்கிற கனரக லைசென்ஸ் வேண்டாம், பெரிய முதல் வேண்டாம். இப்போது லோடு போர்டில், அதாவது சரக்கு விளம்பரிக்கும் இணையப் பட்டியலில், ஒரு லோடு விழுந்தால் நூறு பேர் விலை கேட்கிறார்கள், அதில் ஒருவன் டீசல் காசுக்கே போகிறேன் என்பான். நேரக் கட்டுப்பாடு இல்லாததால் புரோக்கரும் 900 மைலை ஒரே ஆளைக் கூசாமல் கேட்பான். தூங்கும் இடம் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை. நீ இளவட்டம், முதுகு தாங்கும். கேள்வி கேட்டவருக்குப் பையன் கல்லூரிக்குப் போகிற வயது.

கணக்குநோட்டு:

நான் ஓட்டுநர் இல்லை, உங்களைப் போன்றவர்களுக்கு வரி தாக்கல் செய்து கொடுக்கிறவன். மேலே வேன் பேச்சு வந்ததால் ஒன்று: 2025-க்கு வரித் துறையான ஐஆர்எஸ் வைத்திருந்த மைலேஜ் விகிதம் மைலுக்கு 70 சென்ட். அவர்கள் அதைச் சும்மா போடவில்லை, வண்டி ஓட ஆகும் மொத்தச் செலவின் ஒரு மதிப்பீடு அது. காலி மைலையும் சேர்த்து மைலுக்கு 80, 90 சென்ட் வாங்கும் வேன்காரர் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று நீங்களே பாருங்கள்.

ஒஹாயோக்காரருக்கு. இப்போது உங்கள் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டிலும் பாதியை முதலாளி கட்டுகிறார். சொந்தத் தொழில் என்றால் 15.3 சதவீதம் முழுக்க உங்கள் தலையில், அதற்கு மேல்தான் வருமான வரி. ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று நாலு தவணையாக முன்கூட்டியே கட்டவேண்டும். செட்டில்மென்ட், அதாவது கேரியர் தரும் கணக்குப் பணம், வாராவாரம் வரும், அதிலிருந்து வரிக்கென்று ஒதுக்காதவர்கள்தான் மறு ஏப்ரலில் என் எதிரே வந்து உட்காருகிறார்கள்.

நல்ல பக்கமும் உண்டு. வீட்டை விட்டு வெளியே இரவு தங்கும் நாளுக்கு, 2024 அக்டோபரிலிருந்து, நாளொன்றுக்கு 80 டாலர் சாப்பாட்டுப் படி. ஓட்டும் நேரச் சட்டத்துக்குள் வருகிறவர்கள் அதில் 80 சதவீதம் கழிக்கலாம். மாதத்துக்கு இருபது இரவு வெளியே இருப்பவருக்கு அது நல்ல தொகை. 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கும் வண்டியின் முழு விலையையும், பழைய வண்டியாக இருந்தாலும், முதல் வருடமே தேய்மானமாகக் கழிக்க வழி இருக்கிறது. செய்யலாம் என்பதற்காகச் செய்துவிடாதீர்கள். பையனுக்குக் கல்லூரிக் கடன், நாளைக்கு வீட்டுக் கடன் மாற்றுவது என்று எதற்காவது வருமானம் காட்டவேண்டி வரும். அப்புறம் 2022-ல் விற்றீர்களே, அந்த வண்டிக்குக் கழித்த தேய்மானத்தில் ஒரு பகுதி விற்ற வருடம் வருமானமாகத் திரும்பி வந்திருக்குமே, அது எவ்வளவு என்று பழைய தாக்கலை எடுத்துப் பாருங்கள். அந்த வண்டியில் உண்மையில் எவ்வளவு லாபம் என்று அப்போதுதான் தெரியும்.

மிசிசாகாவிலிருந்து:

நான் கனடாப் பக்கம், அதனால் உங்கட நிலைமை எனக்குச் சரியாகப் பொருந்தாது, ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். நாங்கள் ஒன்டாரியோவிலிருந்து பாகங்களை ஏற்றிக்கொண்டு விண்ட்சர் பாலம் தாண்டி மிச்சிகனிலோ டென்னசியிலோ இறக்கினால், அங்கேயே ஓரிடத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குள்ளேயே இன்னோரிடத்தில் இறக்க எங்களுக்கு அனுமதி இல்லை. திரும்பிக் கனடா வருகிற சரக்குத்தான் எடுக்கலாம். அது கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் வெறும் வண்டியோடு வீட்டுக்கு வரவேண்டும். கனபேர் அப்படித்தான் வருகினம். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, 48 மாநிலமும் திறந்திருக்கிறது.

அதனால் கேட்கிறேன், வீட்டைச் சுற்றி ஓடுகிற யோசனை ஏன்? கார்த் தொழிற்சாலைச் சரக்கை மட்டும் நம்பினால் 2023 செப்டம்பரில் யுஏடபிள்யூ என்ற கார்த் தொழிலாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் வந்த மாதிரி ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள்? 2025 ஏப்ரலில் 25 சதவீத வாகன இறக்குமதி வரி வந்தபோது எங்கட பக்கம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மருந்து, மருத்துவக் கருவி, கண்காட்சிச் சாமான், விமான உதிரிபாகம் எல்லாம் எடுக்கிற கேரியரைப் பாருங்கோ.

இரண்டுவண்டிக்காரர்:

நான்தான் ராத்திரிச்சவாரி சொன்ன "வண்டி முதலாளி". இரண்டு ஸ்ட்ரெய்ட் ட்ரக் வைத்திருக்கிறேன், ஓட்டுவதை விட்டு நாளாகிவிட்டது. அதனால் என் லாபத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 2019 வண்டி. நாலு லட்சம் மைல் என்பதை விடுங்கள், எக்ஸ்பிடைட் வண்டியில் மைல் பாதிக் கதைதான். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, அதில் எத்தனை மணி நேரம் நின்றுகொண்டே ஓடியிருக்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஏசிக்கும் ஹீட்டருக்கும் இரவெல்லாம் எஞ்சினை விட்டுத் தூங்கிய வண்டி என்றால் புகைக்குழாயில் உள்ள டிபிஎஃப் ஃபில்டரில் புகைக்கரி அடைத்திருக்கும், நிறுத்திவைத்து ரீஜென் செய்யச் சொல்லி (அந்தக் கரியை எரிக்கச் சொல்லி) விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். புகையை அளக்கும் நாக்ஸ் சென்சார் போனால் பவரைக் குறைத்துவிடும், அதைக் கவனிக்காவிட்டால் கடைசியில் மணிக்கு 5 மைலுக்கு மேல் போகாது. சரக்கு உள்ளே, இறக்கும் நேரம் காலை ஆறு மணி, நீங்கள் ஷோல்டரில் ஹசார்ட் விளக்கு போட்டுக்கொண்டு நிற்பீர்கள். எஞ்சினை அணைத்தபின் ஏசி, ஹீட்டரை ஓட்டும் சின்ன எஞ்சினான ஏபியு தனியாக இருக்கிறதா, அதற்கு எத்தனை மணி நேரம் என்றும் பாருங்கள். பழைய ஆயிலில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள், முப்பது நாற்பது டாலர் செலவில் எஞ்சினுக்குள் என்ன தேய்கிறது என்று சொல்லிவிடுவார்கள். விற்பவர் "தெரிந்தவர்தானே" என்று இதற்கெல்லாம் முகம் சுளித்தால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். கேரியர் எந்த மாடல் வரைக்கும் வண்டியைச் சேர்த்துக்கொள்கிறது என்பதையும் முதலில் கேளுங்கள், வாங்கியபிறகு கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, என்னைப் போன்ற முதலாளிகள். நல்லவர்களும் உண்டு, வண்டியைப் பழுதுபார்க்காமல் ஓட்டச் சொல்பவர்களும் உண்டு. அறுபதுக்கு நாற்பது என்று சொல்வார், எதில் அறுபது? டீசலுக்கென்று தரும் ஃப்யூயல் சர்சார்ஜ் முழுக்க டீசல் போடுகிறவருக்கா, அதையும் வெட்டுவாரா? வண்டி கடையில் நிற்கும் நாட்களில் உங்கள் ஓட்டல் செலவு யாருடையது? கேரியர் தரும் செட்டில்மென்ட் தாளை அப்படியே காட்டுவாரா, இல்லை அவர் டைப் செய்த தாளா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேண்டாம்.

சொந்த வண்டியே வாங்கி லீஸுக்குப் போனாலும் கூட்டரசு விதியில் உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது, பலபேர் படிப்பதே இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். இறக்கிய காகிதங்களைக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். லோடு தொகையில் சதவீதம் என்று பேசியிருந்தால், வாடிக்கையாளருக்குப் போட்ட பில்லின் நகலைக் காட்டவேண்டும். எஸ்க்ரோ என்று வைப்பாகப் பிடித்து வைத்த பணத்தை லீஸ் முடிந்த 45 நாளுக்குள் கணக்கோடு திருப்பித் தரவேண்டும். எங்களிடம்தான் டயர் வாங்கவேண்டும், இன்ஷூரன்ஸ் வாங்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தக்கூடாது.

சொந்த அத்தாரிட்டி, அதாவது தன் பெயரில் சரக்கு ஏற்றும் அரசு அனுமதி எண், எடுக்கலாமே என்று யாராவது வந்து சொல்வார்கள். 300 டாலரில் எண் கிடைத்துவிடும், அது பெரிய விஷயமே இல்லை. சட்டம் கேட்பது 7,50,000 டாலர் லயபிலிட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான) இன்ஷூரன்ஸ், புரோக்கர்கள் கேட்பது பத்து லட்சம், கூடவே ஒரு லட்சத்துக்குச் சரக்கு இன்ஷூரன்ஸ். புது எண்ணுக்கு முதல் வருட பிரீமியத்தைக் கேட்டால் தலை சுற்றும். எக்ஸ்பிடைட்டில் நல்ல சரக்கு பெரிய கேரியர்களின் வாடிக்கையாளர்களிடம்தான் இருக்கிறது, புது எண்ணுக்கு லோடு போர்டில் மிச்சம் மீதிதான் விழும்.

ஒஹாயோக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ராத்திரிச்சவாரி அண்ணா, அந்த ஒன்பதரை மணி போனைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது, அது அப்படியேதான் இருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் அதுவும்தான் இழுக்கிறது. ஒரு தடவை ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டி, ஷூ டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது, உள்ளே பிளாஸ்டிக் கிளிப்புகள். ஃபோர்க்லிஃப்ட்டில் வைத்துக் கொண்டுவந்தான், நான் கையாலேயே வாங்கிக்கொண்டேன். 22 அடி தரையில் அந்தப் பெட்டியை நடுவில் வைத்து இரண்டு ஸ்ட்ராப் போட்டு சுவரில் உள்ள ஈ-ட்ராக் பட்டையில் மாட்டிக் கட்டி, போட்டோ எடுத்து டிஸ்பாட்ச்சுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது கேட்டிலேயே மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடியே போனார். கிடங்கில் எனக்காக யாரும் ஓடுவதில்லை.

சரி, கணக்குநோட்டு சொன்ன மாதிரி பழைய தாக்கலை எடுத்துப் பார்க்கிறேன். இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, தொழிலை விட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது, கேரியர்கள் என்னைப் புது ஆளாகப் பார்ப்பார்களா? இரண்டு, ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

வீட்டுக்காரி:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது நடப்பது என் வேலையால்தான். என் கணவர் ஓட்டுகிறார், நான் மருத்துவமனை ஒன்றில் முழுநேர வேலை, இன்ஷூரன்ஸ் என் பெயரில். நான் இந்த வேலையை விட்டால் அவர் தொழில் அடுத்த மாதமே நஷ்டத்தில் போகும், அவருக்கும் அது தெரியும். உங்கள் மனைவி பகுதிநேரம் என்கிறீர்கள். அவர் இன்ஷூரன்ஸ் கிடைக்கிற வேலைக்கு மாறமுடியுமா என்று பாருங்கள், அது நடந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்தது. இல்லை என்றால், நீங்கள் வேலையை விட்ட 60 நாளுக்குள் அரசின் இன்ஷூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் சேரலாம், அல்லது கோப்ரா என்கிற சட்டப்படி இப்போதுள்ள பிளானையே 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். கோப்ராவுக்கு முழு பிரீமியமும் உங்கள் கையிலிருந்து. அந்தத் தொகையை ஹெச்ஆரிடம் இந்த வாரமே கேட்டு, ராத்திரிச்சவாரி போட்ட 520 டாலர் கணக்கில் கழித்துப் பாருங்கள்.

இன்னொன்று. சொந்தத் தொழிலாக ஓட்டுபவருக்குக் காயம் ஏற்பட்டால் வொர்க்கர்ஸ் காம்ப், அதாவது தொழிலாளர் காய இழப்பீடு, தானாகக் கிடைக்காது. ஆக்குபேஷனல் ஆக்சிடென்ட் பாலிசி என்று ஒன்று விற்பார்கள், அது அந்த அளவுக்கு வராது, வரம்புகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். என் கணவர் லிஃப்ட் கேட்டிலிருந்து கால் பிசகி விழுந்து ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தார். வண்டித் தவணை மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்தது.

பையனுக்குப் பதினொன்றாம் வகுப்பு என்றீர்கள். இரண்டு வருடம் பொறுக்கமுடியாதா என்று உங்கள் மனைவி கேட்கவில்லையென்றால் நான் கேட்கிறேன்.

இரண்டுவண்டிக்காரர்:

முதல் கேள்விக்கு. கேரியர்கள் கடந்த மூன்று வருட வேலை, ஓட்டுநர் ரெக்கார்டு இரண்டையும் விசாரிக்கவேண்டும் என்பது விதி. அந்த மூன்று வருடத்தில் உங்களிடம் ஓட்டமே இல்லை. அதனால் சில கேரியர் புது ஆள் மாதிரி ஓரியன்டேஷன், ரோடு டெஸ்ட் எல்லாம் வைக்கும், சில இடங்களில் இன்ஷூரன்ஸ்காரன் வேண்டாம் என்பான். பழைய கேரியர் உங்களைத் தெரியும் என்பதால் அங்கே சுலபம். டாட் (போக்குவரத்துத் துறை) மெடிக்கல் கார்டு அதிகபட்சம் இரண்டு வருடம்தான் செல்லும், உங்களுடையது முடிந்திருக்கும். 26,000 வண்டிக்கு சிடிஎல் தேவையில்லை, மெடிக்கல் கார்டு தேவை. முதலில் அதற்குப் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று ஏதாவது புதிதாக வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நம் ஆட்களுக்கு இந்த வயதில் சர்க்கரை கேட்காமலே வரும். அந்தக் கார்டு கைக்கு வராமல் மற்றதையெல்லாம் பேசிப் பிரயோஜனம் இல்லை.

ஸ்பிரிண்டர்_தம்பி:

இடையில் ஒரு சந்தேகம், அவர் வார இறுதியில் மட்டும் ஓட்டினால் என்ன? வேலையும் இருக்கும், இன்ஷூரன்ஸும் இருக்கும்.

ராத்திரிச்சவாரி:

நல்ல யோசனைதான், வெள்ளி மாலை ஏற்றித் திங்கள் காலை இறக்குகிற லோடு இருக்கிறது. ஆனால் திங்கள் காலை நீ டெக்சாஸ் லரேடோவில் இருப்பாய், கிடங்கு கொலம்பஸில் இருக்கும். தவிர, வேறு வேலையில் செய்யும் நேரமும் ஆன்-டியூட்டி கணக்கில் சேரும், ஏழு நாளில் 60 அல்லது எட்டு நாளில் 70 மணி நேரத்துக்குள் அடங்கவேண்டும். வாரம் 40 மணி நேரம் கிடங்கில் போனால் மிச்சம் என்ன இருக்கும் பார்.

விடுமுறை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் யாருடைய வண்டியிலாவது ஓட்டிப்பார்ப்பது வேறு. அதற்கும் கேரியரில் தகுதிபெற வேண்டும், ஓரியன்டேஷன் போகவேண்டும், இரண்டு வாரத்துக்காக எந்த முதலாளி அதெல்லாம் செய்வார் என்று இரண்டுவண்டிக்காரர்தான் சொல்லவேண்டும்.

இரண்டுவண்டிக்காரர்:

இரண்டு வாரத்துக்குச் செய்யமாட்டேன். மூன்று மாதம் என்றால் பேசலாம். குளிர்காலம் முடியட்டும், ஜனவரி பிப்ரவரியில் சரக்கும் குறைவு, சாலையும் மோசம், அந்த நேரத்தில் ஆரம்பித்தால் தொழிலைப் பற்றித் தப்பான கணக்குத்தான் வரும். கோடையில் ஆரம்பித்தாலும் ஜூலை ஆரம்பத்தில் கார் தொழிற்சாலைகள் மூடுவார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

ஒஹாயோக்காரன்:

மனைவியிடம் இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். வீட்டுக்காரி அக்கா எழுதியதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பள்ளி மாவட்டத்தில் முழுநேர வேலை ஒன்று காலி இருக்கிறதாம், விண்ணப்பம் போடுகிறேன் என்கிறாள். அது வரும்வரை கிடங்கு வேலையை விடுவதாக இல்லை. அந்த 2019 வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், எஞ்சின் ரிப்போர்ட் கேட்டதற்கு அவர் இன்னும் பதிலே சொல்லவில்லை. மெடிக்கலுக்கு அடுத்த வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.

இரண்டுவண்டிக்காரரே, மார்ச்சுக்கு மேல் உங்கள் வண்டி ஏதாவது காலியாக இருக்குமா? இருந்தால் போன ஆறு மாத செட்டில்மென்ட் தாள்களைக் காட்டுவீர்களா? கேரியர் கொடுத்த தாள், நீங்கள் டைப் செய்தது வேண்டாம்.

இரண்டுவண்டிக்காரர்:

தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். டிசம்பர் தாளையும் சேர்த்து அனுப்புகிறேன், அந்த மாதம் வண்டி கடையில் கிடந்தது, அதையும் பாருங்கள்.